யாரும் விழாத வளைவு

வேலங்கரணையில் நாகப்பனை யாரும் வெறும் நாகப்பன் என்று சொல்வதில்லை. கேப்பு நாகப்பன் என்றுதான் சொல்வார்கள். கொரியர்காரன்கூட அப்படிக் கேட்டுத்தான் வீட்டைக் கண்டுபிடிப்பான். அந்தப் பெயர் வந்த புதிதில் மனுஷன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் தெருவில் நடந்தார். இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோலக் குனிந்த தலை நிமிராமல் போய்விடுகிறார்.

பெயர் வந்த கதை பெரிய கதையில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் பக்கம் போகிற சாலையை ஆறு வழியாக அகலப்படுத்தினார்கள். சாலை ஊருக்கு நடுவே போனது. வீடுகள் மேற்கே நின்றுவிட்டன. ரேஷன் கடையும் பள்ளிக்கூடமும் சுடுகாடும் கிழக்கே போய்விட்டன. நடுவில் இடுப்பளவுக்கு சென்டர் மீடியன். கண்ணெதிரே தெரிகிற ரேஷன் கடைக்கு வண்டியில் போக வேண்டுமென்றால் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் தள்ளிப் போய் வளைந்து, அதே தூரம் திரும்பி வர வேண்டும். அரிசி மூட்டையோடு மீடியனில் ஏறி இறங்கியவர்கள் உண்டு. ஒருமுறை பாடையையே அப்படி ஏற்றி இறக்கினார்கள். அதைப் பார்த்த யாருக்கும் கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நாகப்பன் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர். கூட்டிப் பெருக்கித் துடைக்கிற நாற்பது பேருக்கு மேஸ்திரி. பேசத் தெரிந்தவர், மனு எழுதத் தெரிந்தவர், அதிகாரி முன்னால் கை கட்டாமல் நிற்கத் தெரிந்தவர். ஊர் அவரை முன்னால் தள்ளியது. மூன்று மனு, இரண்டு மறியல். மறியலில் முதல் வரிசையில் உட்கார்ந்தவள் அன்னக்கிளி. புருஷனை இழந்தவள், ஒரே பெண்ணை வைத்துக்கொண்டு இட்லிக் கடை போட்டுப் பிழைத்தவள். நாகப்பனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். கூடப் பிறந்த தங்கையும் அவ்வளவு நம்பியிருக்க மாட்டாள்.

கடைசியில் சாலைத் துறையிலிருந்து ஆட்கள் வந்து, "சும்மா திறக்க முடியாது. எத்தனை பேர் இந்த இடத்தில் கடக்கிறார்கள் என்று இரண்டு நாள் எண்ணுவோம். எண்ணிக்கை வந்தால் பார்க்கலாம்" என்றார்கள்.

எண்ணுவதா? நாகப்பனுக்கு எண்ணிக்கை காட்டக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ன! அந்த இரண்டு நாளும் ஊரில் திருவிழாதான். வேலைக்குப் போகாத பைக்கெல்லாம் தெருவை விட்டு இறங்கி, திருப்பத்தில் வளைந்து, ஊர்ப்பக்கம் வந்து, மறுபடி இறங்கின. ஒரே முகம் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒருமுறை, கழற்றிக்கொண்டு ஒருமுறை. அன்னக்கிளி காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மீடியனைப் பத்தொன்பது தடவை தாண்டினாள். எண்ண வந்தவர்கள் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு கோடு கோடாகப் போட்டார்கள். இன்னும் நாலு நாள் இருந்திருந்தால் வேலங்கரணையை மாநகராட்சியாகவே ஆக்கியிருப்பார்கள் என்று ஊர் சிரித்தது.

ஆறு மாதத்தில் மீடியனை முப்பது அடிக்கு உடைத்துக் கேப் விட்டார்கள். பட்டாசு வெடித்தார்கள், நாகப்பனுக்கு மாலை போட்டார்கள். திறந்துவைத்த அதிகாரி போகும்போது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்: "இங்கே விபத்து என்று நாலு கேஸ் பதிவானால் அடுத்த நாளே மூடிவிடுவோம்." அந்த வார்த்தை நாகப்பன் மனசில் ஆணி அடித்ததுபோல உட்கார்ந்துகொண்டது.

வேறு யாராவது இருந்தால், சரி, விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்வோம் என்று நினைத்திருப்பார்கள். நாகப்பன், விபத்து பதிவாகாமல் பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தார். அதற்குக் காரணம் அவர் வேலை பார்த்த இடம். கம்பெனி வாசலில் ஒரு பலகை உண்டு. "விபத்தில்லாத நாட்கள்" என்று எழுதி, பக்கத்தில் எண் மாறிக்கொண்டே இருக்கும். முந்நூறு, நானூறு என்று ஏறும். ஐந்நூறு வந்தால் எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ், டிபன் கேரியர். ஒருத்தன் விரலை வெட்டிக்கொண்டால் பலகை பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதனால் விரலை வெட்டிக்கொண்டவன் வீட்டில் காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்டான். கால் நசுங்கியவன் பைக் ஸ்டாண்டில் நசுக்கிக்கொண்டான். பதினோரு வருஷம் அந்தப் பலகைக்குக் கீழே நடந்து போன மனுஷனுக்கு, அடிபட்ட விரலைவிடப் பலகைதான் பெரிதாகத் தெரிந்தது. அவர் அதைத் தப்பு என்று நினைக்கவே இல்லை. சாமர்த்தியம் என்று நினைத்தார்.

கேப் திறந்த மூன்றாவது மாதம் பால்காரர் ரத்தினம் அங்கே அடிபட்டார். கிழக்கே போகத் திரும்பியவரை வேகமாக வந்த வேன் இடித்துவிட்டது. தோள் எலும்பு போனது. நாகப்பன்தான் முதலில் ஓடினார். ஓடிய கையோடு ஊருக்கு ஒரு சட்டமும் போட்டார்.

"நூத்தியெட்டுக்கு யாரும் போன் பண்ணக் கூடாது. அவன் எடத்த எழுதிக்குவான். நம்ம ரஞ்சித்து ஷேர் ஆட்டோ கீது, அதுல போட்டுக்கினு போவலாம். ஆஸ்பத்திரில கேட்டா, ஏரிக்கரை வளைவுல வுழுந்துட்டேன்னு சொல்லு ரத்தினம். மாடு குறுக்க வந்துச்சின்னு சொல்லு. இன்னா?"

"அங்க மாடே இல்லியேப்பா" என்றார் ரத்தினம், வலியோடு வலியாக.

"மாடு வந்துட்டுப் போயிருக்கும். நீ சொல்லு."

ஏரிக்கரை வளைவு ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வேலிக்காத்தான் முள். வீடு கிடையாது, கடை கிடையாது, சாட்சி கிடையாது. கொக்கா வந்து இல்லை என்று சொல்லப் போகிறது! போலீஸ் ஸ்டேஷனில் அடிபட்டவன் சொன்ன இடத்தை எழுதிக்கொண்டார்கள். அடிபட்டவன் பொய் சொல்லுவான் என்று அவர்கள் ஏன் நினைக்கப் போகிறார்கள்? அடுத்து விழுந்த கொத்தனாரும் ஏரிக்கரையில்தான் விழுந்தார். டியூஷன் முடிந்து வந்த பெண்பிள்ளைகள் இரண்டும் ஏரிக்கரையில்தான். நாலு வருஷத்தில் பத்துப் பேர். ஒவ்வொரு தடவையும் அன்னக்கிளி சுடுதண்ணீரும் துணியும் கொண்டு ஓடிவருவாள். நாகப்பன் பாடம் சொல்லிக்கொடுப்பார். ரஞ்சித் ஆட்டோவைக் கிளப்புவான். ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. கேப்பைக் காப்பாற்றுகிறார் இல்லையா!

பிறகுதான் அந்தக் கூத்து நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஏரிக்கரை வளைவில் லாரி லாரியாகச் சாமான் வந்து இறங்கியது. வளைவு முழுக்க அம்புக்குறிப் பலகை, சாலையில் தடதடவென்று அதிரும் வெள்ளைப் பட்டைகள், ஓரத்தில் இரும்புத் தடுப்பு, ஆறு விளக்குக் கம்பம், வளைவுக்கு முன்னால் சூரிய ஒளியில் ஓடும் மஞ்சள் விளக்கு. அந்த மஞ்சள் விளக்கு பகலிலும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. பாதுகாப்புத் திட்டம் போட்டவர்கள் பதிவேடுகளை எல்லாம் புரட்டி, எங்கே அதிகம் பேர் விழுகிறார்கள் என்று பார்த்து, அந்த இடத்தை முதலில் சரிசெய்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கு சரி. ஊர் கொடுத்த கணக்குத்தான் பொய்.

"நம்ம புண்ணியத்துல ஏரிக்கு லைட்டு வந்துடுச்சி" என்று ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நாகப்பனும் சிரித்தார். பிற்பாடு அவரை அதிகம் கூசவைத்தது அந்தச் சிரிப்புதான். அன்றைக்கே, மீன்கள் மட்டும் இருக்கும் இடத்தில் எரிகிற விளக்கைப் பார்த்த அன்றைக்கே, புத்தியுள்ளவனுக்கு உறைத்திருக்க வேண்டும். அவருக்கு உறைக்கவில்லை. டீ குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

இசைவாணி அன்னக்கிளியின் பெண். இருபத்துமூன்று வயது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் கம்பெனியில் லைனில் வேலை. நாகப்பனை மாமா என்று கூப்பிடுவாள். புது ஸ்கூட்டி எடுத்தபோது முதல் ரவுண்டு அவரைத்தான் பின்னால் உட்காரவைத்து ஓட்டினாள். போன ஆவணியில், முதல் ஷிப்ட் முடிந்து மத்தியானம் மூன்றேகாலுக்கு அவள் கேப்பில் திரும்பினாள். ஷிப்ட் மாறுகிற நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒரு பஸ் இவளுக்காக நின்றது. அதை நம்பி இவள் நகர்ந்தாள். அந்தப் பஸ் மறைத்த அடுத்த லேனில் கார் ஏற்றும் டிரெய்லர் வந்தது, நிற்கவில்லை.

நாகப்பன் அன்று லீவில் இருந்தார். சத்தம் கேட்டு ஓடினார். பெண் மல்லாந்து கிடந்தாள். ரத்தம் அதிகமில்லை, கண் திறந்திருந்தது.

"மாமா, கால் எங்க கீதுன்னே தெர்ல மாமா" என்றாள்.

பக்கத்தில் தங்கமாரி நின்றிருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அதே கம்பெனியில் வேலை பார்க்கிறவள். நாகப்பன் வீட்டு மாடி அறையில்தான் வாடகைக்கு இருந்தாள். "அண்ணாச்சி, யாரும் தொடாதிய. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போடுதேன்" என்று போனை எடுத்தாள்.

நாகப்பன் கையை நீட்டி அந்தப் போனைக் கீழே அழுத்தினார்.

"போன வையிம்மா. ரஞ்சித்து வந்துகினே கீறான்."

யோசித்துச் செய்யவில்லை. பத்துத் தடவை செய்த வேலை, கை தானாகச் செய்துவிட்டது. ஒரகடம் கூட்டு ரோட்டில் எப்போதும் ஒரு ஆம்புலன்ஸ் நிற்கும். பத்தே நிமிஷத்தில் வந்திருக்கும். அதைக் கூப்பிடவே இல்லை. மூன்று பேர் அவளைத் தோளிலும் இடுப்பிலும் பிடித்துத் தூக்கினார்கள். தலை பின்னால் தொங்கியது. ஷேர் ஆட்டோவின் பின் சீட் நீளம் போதாமல், முழங்காலை மடக்கி உள்ளே திணித்தார்கள். வழியெல்லாம் பள்ளம். அவள் கத்தினாள், பிறகு கத்துவதை நிறுத்திவிட்டாள். ஏரிக்கரை வளைவைத் தாண்டும்போது, குனிந்து அவள் காதில், "கேட்டா இந்த வளைவுன்னு சொல்லும்மா" என்று நாகப்பன் சொன்னார். சொன்னார், ஆமாம். அதைத்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "யார் தூக்கினது? முதுகுத்தண்டில் அடிபட்டவரை அசைக்காமல் பலகையில் படுக்கவைத்துத்தான் கொண்டு வரணும். விழுந்ததிலேயே நரம்பு போயிருக்கலாம். தூக்கினதில் மோசமாகியிருக்கலாம். என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது." அன்னக்கிளி அப்போது மருந்து வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தவள், "டாக்டர் இன்னாண்ணா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல கிளி. தைரியமா இருன்னாரு."

இரண்டு மாதம் கழித்துப் பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. தங்கமாரி அறையைக் காலி செய்துகொண்டு படப்பைக்குப் போய்விட்டாள். சாவியைக் கொடுக்கும்போது நாகப்பன் முகத்தைப் பார்க்காமல் ஞானம்மா கையில் கொடுத்தாள். ஞானம்மா அவர் மனைவி. எதையும் சட்டென்று புரிந்துகொள்கிறவள். அன்று சோறு போடும்போது, "அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு உங்க மொகத்தப் பாக்காம போவுது?" என்று கேட்டாள். அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். அன்னக்கிளி மட்டும் முன்னைவிட அதிகமாக அவரை அண்ணா அண்ணா என்றாள். தினமும் வந்து பெண்ணைத் தூக்கி உட்காரவைக்க அவரை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். "என் அண்ணன் இல்லன்னா அன்னிக்கே எம்பொண்ணு போயிருக்கும்" என்றாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்த நன்றியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கேப் அப்படியேதான் இருந்தது. பதிவேட்டில் அதற்கு ஒரு பாவமும் கிடையாது. போதாக்குறைக்கு, பக்கத்தில் புதிதாக வந்த கம்பெனி பொங்கலுக்குப் பிறகு மூன்று ஷிப்ட் ஓட்டப் போகிறது, நாளைக்கு இருநூறு டிரெய்லர் வரும் என்று பேச்சு. காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு கேப்பின் நடுவில் கூட்டமாக நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார்கள். நாகப்பன் வேலைக்குப் போகாமல் அரை மணி நேரம் அங்கே நின்று கையைக் காட்டி அவர்களைச் சாலையைக் கடக்கவைத்துவிட்டுப் போனார். கேப்பு மாமா எவ்வளவு பொறுப்பானவர் என்று அதற்கும் ஊர் மெச்சியது. அவருக்கு எங்காவது போய் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம்போல இருந்தது.

மார்கழி முதல் வாரம். வேலை முடிந்து வரும் வழியில் ஏரிக்கரை வளைவில் ஒரு ஜீப் நின்றது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி, தலையில் மஞ்சள் தொப்பி, அளக்கும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வளைவின் ஓரமாக நடந்துகொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போவாள், நிற்பாள், குனிந்து சாலையைத் தடவிப் பார்ப்பாள், நோட்டில் எழுதுவாள். நாகப்பன் பைக்கை நிறுத்தினார். போய்க்கொண்டே இருந்திருக்கலாம். ஏனோ நிறுத்தினார்.

அவள் பெயர் பிரவீனா. சாலைப் பாதுகாப்புப் பிரிவில் உதவிப் பொறியாளர். இந்த வளைவு வேலை முழுக்க அவள் போட்ட திட்டம்.

"இந்த ஊர்க்காரரா ஐயா? ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். "இங்க எல்லாமே பண்ணிட்டோம். எங்க மாவட்டத் திட்டத்துல முதல் இடமே இந்த வளைவுதான். அப்படியும் ஒரு பொண்ணு இங்கயே விழுந்து, பாவம், நடக்க முடியாம கிடக்குதாம். பத்து நாளா எனக்குத் தூக்கமே இல்ல. அந்தப் பட்டைங்கள நான் நெருக்கமா போட்டுட்டனோ? அதுல தடுக்கித்தான் விழுந்துச்சோ? எங்கயோ நான் தப்பு பண்ணியிருக்கேன். அது தெரியாம வர்ற வருஷத்துக்குத் திட்டம் அனுப்ப முடியாது. இந்த மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும்."

 அவள் உருட்டிய சக்கரத்தில் ஏரிக்கரைச் சேறு ஒட்டியிருந்தது. யாரும் விழாத இடத்தை இந்தப் பெண் குனிந்து குனிந்து அளக்கிறது, தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டு. அவர் உடம்பெல்லாம் கூசியது.

"அந்தப் பொண்ணு வீடு தெரியுமா?" என்று கேட்டாள். "எப்படி விழுந்தாள்னு அவ வாயால கேட்டாதான் புரியும்."

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தார். வந்த வார்த்தை வேறாக இருந்தது. "தெரியும். வாங்க."

அன்னக்கிளி வீட்டில் கட்டில் ஜன்னலோரம் போட்டிருந்தது. இசைவாணி தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அன்னக்கிளி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "எங்கண்ணன் கூட்டினு வந்தாருன்னா நல்லவங்களாத்தான் இருப்பீங்க, குந்துங்க" என்றாள். பிரவீனா உட்காரவில்லை, கட்டில் ஓரமாகக் குனிந்து நின்று, மெதுவாகக் கேட்டாள்.

"இசைவாணி, அன்னிக்கு வளைவுல சரியா எந்த இடத்துல விழுந்த? லைட்டுக் கம்பத்துக்கு முன்னாலயா, தாண்டியா? ஆம்புலன்ஸ் பதிவுல இடம் இருக்குமான்னு தேடினேன். அப்படி ஒரு போனே வரலங்கறாங்க."

 இசைவாணி தலையைத் திருப்பி நாகப்பனைப் பார்த்தாள்.

கோபமாகப் பார்க்கவில்லை. கேள்வியாகப் பார்த்தாள். முன்னாலா, தாண்டியா, எதைச் சொல்லட்டும் மாமா என்று கேட்கிற பார்வை. அசையாத காலோடு கட்டிலில் கிடந்துகொண்டு, பாடம் மறந்துபோன பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி, அடுத்த பொய்க்கு அவரிடம் அனுமதி கேட்டாள். நாகப்பன் தன் ஐம்பத்தேழு வயதில் அவ்வளவு கேவலமாகத் தன்னை உணர்ந்ததில்லை. அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்பதைவிட எதைச் சொல்வதும் சுலபமாக இருந்தது.

"அவ வளைவுல வுழல மேடம்" என்றார். "அங்க யாருமே வுழல. எல்லாரும் ஊருக்கு முன்னால கேப்புலதான் வுழுந்தாங்க. பதினோரு பேரு. நான்தான் மாத்திச் சொல்ல வெச்சேன்."

பிரவீனாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த நோட்டை மூடினாள்.

"ஆம்புலன்ஸ்?"

"நான்தான் போன வைக்கச் சொன்னேன். எடம் தெரிஞ்சா கேப்ப மூடிடுவீங்கன்னு." பிறகு அவர் பொறியாளரைப் பார்க்கவில்லை, அன்னக்கிளியைப் பார்த்தார். "கிளி, டாக்டரு அன்னிக்கி ஒண்ணு சொன்னாரு. நான் உங்கிட்ட மறச்சிட்டேன். அசைக்காம தூக்கினு வந்திருக்கணுமாம். ஆட்டோல மடக்கிப் போட்டதுல மோசமாயிருக்கலாமாம். உறுதியா தெரியாதுன்னாரு. ஆனா... ஆயிருக்கலாமாம்."

அன்னக்கிளி கஞ்சி டம்ளரைப் பெண்ணின் கையிலிருந்து வாங்கினாள். முந்தானையால் அவள் வாயைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"பத்தொம்பது வாட்டி குடத்தத் தூக்கினு தாண்டினேண்ணா, நீ சொன்னன்னு" என்றாள். அவ்வளவுதான். பிறகு அவரைப் பார்க்காமல், "நீ வெளிய போ" என்றாள்.

அவர் போனார். பிரவீனாவும் பின்னாலேயே வந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. "மூணு வருஷம் ஐயா! மூணு வருஷமா திட்டம் போட்டு நான் ஒரு ஏரிக்குப் பாதுகாப்பு பண்ணியிருக்கேன். அந்த விளக்குல ஒண்ணு இங்க எரிஞ்சிருந்தா, ஒரு சிக்னல் இங்க நின்னிருந்தா..." மேலே பேசாமல் ஜீப்பின் கதவைத் திறந்தாள், திறந்தவள் திரும்பி நோட்டை நீட்டினாள். "பேரும் தேதியும் எழுதுங்க. பதினோரு பேரும்."

ஜீப்பின் முன்பக்கத்தில் நோட்டை வைத்து எழுதினார். ரத்தினம் பெயரில் ஆரம்பித்து இசைவாணி பெயரில் முடித்தார். மனு எழுதிப் பழகிய கை, எழுத்து அழகாகத்தான் விழுந்தது. அடியில் கையெழுத்துப் போட்டபோது, கேப் கேட்டுக் கொடுத்த முதல் மனுவிலும் இதே கையெழுத்துத்தான் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

ஊர் கொதித்தது. பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் கிரேன் வந்து கேப்பை கான்கிரீட் கட்டைகளால் அடைத்தபோது நாகப்பனைச் சுற்றி நின்று கேட்டார்கள். "உன்னால வந்த கேப்ப நீயே மூட வெச்சிட்டியே, வெக்கமா இல்லியா?" என்றார் ரத்தினம். "கீது" என்றார் நாகப்பன்.  நடந்து கடப்பவர்களுக்கு அங்கே சிக்னல் வரும், திருப்பத்தைக் கிட்டே கொண்டுவருவோம் என்று பிரவீனா புதுத் திட்டத்தில் எழுதியிருப்பதை அவர் எடுத்துச் சொல்லப் பார்த்தார். கேட்க யாரும் நிற்கவில்லை. கம்பெனியிலும் கெட்ட பெயர்தான். அவருடைய ஆள் ஒருத்தி ஆசிட் பட்டுக் கையைச் சுட்டுக்கொண்டபோது உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டார். நானூற்று எண்பத்தாறில் இருந்த பலகை பூஜ்யத்துக்கு வந்தது. டிபன் கேரியர் போச்சே என்று நாற்பது பேரும் முகத்துக்கு நேராகத் திட்டினார்கள்.

அன்னக்கிளி வீட்டுப் பக்கம் அவர் போகவில்லை. போக முகமில்லை. ஞானம்மாதான் போய் வந்துகொண்டிருந்தாள். அவளை அன்னக்கிளி தடுக்கவில்லை. மாசி மாதம் ஒரு நாள் போன் வந்தது, இசைவாணிதான். குரலில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "மாமா, புதன்கிழம தண்டலத்துல பிசியோ. தூக்கி வுட ஆள் இல்ல. வர்றியா?"

போனார். அன்னக்கிளி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் பெண்ணைத் தூக்கினார், இந்தத் தடவை முதுகுக்கும் முழங்காலுக்கும் கீழே கை கொடுத்து, ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி. ஆட்டோக்காரர் படப்பையிலிருந்து வந்த புது ஆள். போகும்போது வழி நேராக இருந்தது. திரும்பி வரும்போதுதான் வம்பு. ஊர் வலது பக்கம் தெரிகிறது, அன்னக்கிளி வீட்டு வாசல்கூடத் தெரிகிறது. குறுக்கே கான்கிரீட் கட்டை. திருப்பத்துக்கு இன்னும் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் போக வேண்டும். பக்கத்தில் டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரைந்துகொண்டு போயின.

டிரைவருக்கு எரிச்சல். "தோ கீது வூடு, இத்த வுட்டுட்டு எம்மாந்தூரம் சுத்தணும் பாரு! நடக்க முடியாத பொண்ண வெச்சிகினு. எவன் சார் இத்த மூடினான்?"

நாகப்பன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்திருந்தால் பேச்சு அதோடு போயிருக்கும். இசைவாணி கட்டையைப் பார்த்தாள், பிறகு தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அதே பார்வை. ஆனால் இந்தத் தடவை அவள் அனுமதி கேட்கவில்லை. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்பா மூடினேன்" என்றார்.  "தெறந்ததும் நான்தான்."

டிரைவர் கண்ணாடியில் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வண்டியை ஓட்டினார்.  ஆட்டோ பள்ளத்தில் குதித்தபோது சரிந்த அவள் காலை நாகப்பன் பிடித்து நேராக வைத்தார். அவர் பிடித்தது அவளுக்குத் தெரியவில்லை.